வலை வந்து சேரும் மாதம்

கானா நாட்டில் 2014-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் இரண்டு எண்கள் இருக்கின்றன. மருந்து தோய்த்த கொசுவலை ஒன்றாவது இருந்த வீடுகள் நூற்றுக்கு 68. ஆய்வுக்கு முந்தைய இரவு அப்படியொரு வலைக்குள் உறங்கிய கர்ப்பிணிகள் நூற்றுக்கு 43. இது கானாவின் கதை மட்டுமல்ல. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவை மொத்தமாக எடுத்துக்கொண்டால், 2022-இல் சுமார் 70 சதவீத வீடுகளில் வலை இருந்தது. வலைக்குள் உறங்கிய கர்ப்பிணிகள் 56 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியா அறிக்கை கணக்கிட்டது. 2000-ஆம் ஆண்டு நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், மலேரியா அபாயத்தில் வாழ்வோரில், குறிப்பாகக் குழந்தைகளிலும் கர்ப்பிணிகளிலும், 60 சதவீதம் பேருக்காவது 2005-க்குள் வலை முதலிய காப்பு கிடைக்கச் செய்வோம் என்று உறுதி எடுத்தார்கள். அந்தக் கெடு முடிந்து பதினேழு ஆண்டுகள் கழித்தும், கர்ப்பிணிகளின் வலைப் பயன்பாடு 60-ஐத் தொடவில்லை.

ஏன் என்று கேட்டால் உடனே கிடைக்கும் பதில், ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்பது. சுவரொட்டி ஒட்டுவதும், வானொலியில் நாடகம் போடுவதும், கிளினிக்கில் செவிலியர் அறிவுரை சொல்வதும் இந்தப் பதிலிலிருந்து பிறந்த காரியங்கள்தாம். அவை வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. ஒரு கர்ப்பிணி வலைக்குள் படுக்கிறாரா இல்லையா என்பதை அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, அந்த வலை எப்போது வந்தது, வீட்டில் யார் பங்குக்குப் போனது, எந்த மாதிரி அறையில் கட்டவேண்டியிருக்கிறது என்பவையே அதிகம் தீர்மானிக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அவர் கையில் இல்லை. குறிப்பாக முதல் கேள்வி, அதாவது வலை வந்து சேரும் காலம், நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் இத்தனை அக்கறை என்பதை முதலில் பார்த்துவிடலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஸ்டீவ் லிண்ட்சே குழுவினர் நடத்தி 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, கர்ப்பமில்லாத பெண்களைவிடக் கர்ப்பிணிகளை ஏறக்குறைய இரண்டு மடங்கு அனாஃபிலிஸ் கொசுக்கள் தேடி வருவதைக் காட்டியது. மாதம் ஏறிய கர்ப்பிணிகள் 21 சதவீதம் கூடுதலாக மூச்சுக்காற்றை வெளிவிடுகிறார்கள். வயிற்றுப் பகுதி 0.7 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடாக இருக்கிறது. மூச்சையும் உடற்சூட்டையும் மோப்பம் பிடித்து வரும் கொசுவுக்கு இவை இரண்டும் விளக்கேற்றி வைத்ததுபோல. கடித்த பிறகு நடப்பது இன்னும் மோசம். ஃபால்சிபாரம் வகை மலேரியாக் கிருமி புகுந்த இரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன என்பதை மிக்கால் ஃபிரீட், பேட்ரிக் டஃபி இருவரும் 1996-இல் கண்டறிந்தார்கள். தாயின் இரத்தத்தில் கிருமி தென்படாதபோதுகூட நஞ்சுக்கொடியில் அது குடியிருக்கலாம். குழந்தைக்குப் போகவேண்டிய ஊட்டம் அங்கே தடைபடுகிறது. தாய்க்கு இரத்தசோகை, கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று விளைவுகள் நீள்கின்றன.

மலேரியா மண்டிய ஊரில் வளர்ந்த ஒருவர் சிறுவயது முதல் பலமுறை காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பார். ஆனால் நஞ்சுக்கொடியைப் பற்றிக்கொள்ளும் இந்த வகைக் கிருமியை அவர் உடல் அதுவரை சந்தித்ததே இல்லை. ஏனெனில் நஞ்சுக்கொடியே அதுவரை இல்லை. ஒன்றிரண்டு பிரசவங்களுக்குப் பிறகுதான் அதற்கான எதிர்ப்பு உருவாகிறது. ஆகவே கடும் மலேரியாப் பகுதிகளில் மிக அதிக ஆபத்து தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் இளம்பெண்ணுக்குத்தான். இந்த உண்மையை மனதில் நிறுத்திக்கொள்ளவேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம். 2022-இல் மலேரியா மிதமாகவோ கடுமையாகவோ பரவிய 33 ஆப்பிரிக்க நாடுகளில் கர்ப்பம் தரித்தவர்கள் சுமார் 3.5 கோடிப் பேர்; அவர்களில் சுமார் 1.27 கோடிப் பேருக்கு மலேரியாத் தொற்று நேர்ந்தது என்பது மதிப்பீடு.

வலை இதைத் தடுக்குமா? தடுக்கிறது. ஆப்பிரிக்காவில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வின்படி, மருந்து தோய்த்த வலைகளால் எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்தது. முதல் நான்கு கர்ப்பங்களில் கருவிழப்பும் இறந்து பிறத்தலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கென்யாவின் மேற்கே விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள அசெம்போ பகுதியில் நடந்த பெரிய சோதனை இன்னொன்றையும் காட்டியது. வலை கட்டிய வீடுகளிலிருந்து 300 மீட்டர் தூரத்துக்குள் இருந்த, வலையே இல்லாத வீடுகளுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. வலையில் உட்காரும் கொசு மருந்து பட்டுச் சாகிறது. ஊரில் கொசுவின் எண்ணிக்கையும் ஆயுளும் குறைகின்றன. நம் வீட்டில் நான்கு மூலையிலும் கயிறு கட்டும் சாதாரணக் கொசுவலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். இது தன்னை மட்டும் மூடிக்கொள்ளும் போர்வையல்ல, ஊருக்கே வேலை செய்யும் பொறி.

இவ்வளவு பயனுள்ள பொருள் வீட்டிலேயே இருக்க, ஏன் கட்டவில்லை? 2011-இல் ஜஸ்டின் பல்ஃபோர்டும் உடனாய்வாளர்களும் இதே கேள்வியைப் பல நாடுகளில் கேட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அடிக்கடி வந்த பதில்கள் இரண்டு: ‘உள்ளே வெக்கை தாங்கவில்லை’, ‘இப்போது கொசு அதிகமில்லை’. ‘கொசுவால் மலேரியா வரும் என்று தெரியாது’ என்பது முன்வரிசையில் இல்லை. தகரக்கூரை போட்ட, சன்னல் சிறுத்த, மின்விசிறி இல்லாத அறையில் நெருக்கமான பின்னலுள்ள வலைக்குள் படுப்பது எவருக்கும் புழுக்கம்தான். ஏற்கெனவே உடற்சூடு கூடியிருக்கும் கர்ப்பிணிக்கு அது இன்னும் கடினம். வெயில் காலத்தில் முற்றத்தில் பாய் விரிக்கிறார்கள். அங்கே வலையைத் தொங்கவிட ஆணி எங்கே, உத்தரம் எங்கே? காம்பிய ஆய்விலேயே இன்னொரு செய்தியும் இருந்தது. கர்ப்பிணிகள் சிறுநீர் கழிப்பதற்காக இரவில் வலையை விட்டு வெளியே போனது மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு. அதாவது வலை கட்டியிருந்தாலும் காப்பு இரவு முழுதும் இருப்பதில்லை. கழிப்பறை வீட்டை விட்டுத் தள்ளி இருப்பது மலேரியாத் திட்ட அதிகாரியின் கோப்பில் வராத காரணம். கொசு மட்டும் அதைத் தவறவிடுவதில்லை.

அறிவே எல்லாம் என்போருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. படிப்பும் பணமும் கூடினால் வலைப் பயன்பாடும் கூடவேண்டும் அல்லவா? உலகின் மலேரியா நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழும் நைஜீரியாவில், தேசிய ஆய்வுகள் தலைகீழான படத்தையே தருகின்றன. நகரத்தைவிடக் கிராமத்திலும், வசதியான வீடுகளைவிட ஏழை வீடுகளிலும்தான் கர்ப்பிணிகள் வலைக்குள் உறங்குவது அதிகம். கானாவிலும் கிராமங்களே முன்னே நிற்கின்றன. வசதியுள்ளவர்கள் சன்னலுக்குக் கம்பிவலை அடிக்கிறார்கள், மின்விசிறி போடுகிறார்கள், கொசுமருந்து தெளிக்கிறார்கள். வலையின் புழுக்கத்தைச் சகிக்கவேண்டிய தேவை அவர்களுக்குக் குறைவு. கொசு காதருகே பாடும் வீட்டில் யாரும் சொல்லாமலே வலை இறங்குகிறது. ஆகவே வலைக்குள் உறங்குவது பெரும்பாலும் அறிவின் அடையாளமும் அல்ல, உறங்காமை அறியாமையின் அடையாளமும் அல்ல. மனிதர்கள் தம் சூழ்நிலையில் எடை போட்டு எடுக்கும் முடிவு அது. அந்த எடையில் ஒரே ஒரு பிழை நேர்கிறது: கொசுவின் இரைச்சல் குறைந்த கோடையிலும் ஒன்றிரண்டு கொசுக்கள் கிருமியைச் சுமந்தே திரிகின்றன. அறிவுரை உண்மையில் உதவக்கூடிய இடம் இது. ‘வலை கட்டுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘கொசு இல்லாத மாதத்திலும் கட்டுங்கள்’ என்று சொல்வதில் பொருள் இருக்கிறது.

அடுத்து வீட்டுக்குள் நடக்கும் பங்கீடு. இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. ‘வலையுள்ள வீடு’ என்று ஆய்வில் பதிவாகும் வீட்டில் ஏழு பேர் இருந்து ஒரே வலை இருக்கலாம். அப்போது ஏன் கட்டவில்லை என்று கர்ப்பிணியைக் கேட்பதே தவறு. யாருக்குக் கட்டினார்கள் என்று வீட்டைத்தான் கேட்கவேண்டும். போதிய வலைகள் உள்ள வீடுகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான நாடுகளில் பெரும்பாலோர் வலைக்குள்தான் உறங்குகிறார்கள் என்பது திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. கானா போன்ற சில நாடுகள் இதற்கு விலக்கு. வலை குறைவான வீட்டில் கட்டிலுக்கு முதல் உரிமை. கட்டிலில் படுப்பவர் குடும்பத் தலைவர். அவரோடு அதே கட்டிலில் உறங்கும் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் வலை கிடைக்கும். கூடத்தில் பாயில் படுப்பவர்களுக்குக் கிடைக்காது. பகலில் உட்காரும் அறையாகவும் இரவில் படுக்கும் அறையாகவும் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு நாளும் வலையைக் கட்டி அவிழ்க்கவேண்டும். அந்த வேலை யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பங்கீட்டில் கடைசி இடம் யாருக்கு? அப்திசலான் நூர் முதலியோர் 2009-இல் பல ஆப்பிரிக்க நாடுகளின் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, வலைக்குள் மிகக் குறைவாக உறங்குவது 5 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் என்று தெரிந்தது. கைக்குழந்தைக்கு அம்மாவின் வலை உண்டு. திருமணமானவர்களுக்குத் தனிக் கட்டில் உண்டு. நடுவே உள்ள பிள்ளைகள் கூடத்தில் கிடக்கிறார்கள். இப்போது முன்பு சொன்ன உண்மையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினேழு, பதினெட்டு வயதில் முதல் குழந்தையைச் சுமப்பவர் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார். நஞ்சுக்கொடி மலேரியாவின் ஆபத்து யாருக்கு மிக அதிகமோ, அவருக்கே வலை மிகக் குறைவு. திருமணத்துக்கு முன்பே கருவுற்றவர் என்றால், கர்ப்பத்தையே மறைத்துக்கொண்டு திரிபவருக்கு ‘எனக்கு ஒரு வலை வேண்டும்’ என்று கேட்கும் வாய் ஏது?

கிளினிக்கில்தான் இலவச வலை தருகிறார்களே என்று கேட்கலாம். பல ஆப்பிரிக்க நாடுகளில் முதல் கர்ப்பகாலப் பரிசோதனையின்போது வலை வழங்குவது வழக்கம், நல்ல ஏற்பாடுதான். சிக்கல் நாள்கணக்கில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான பெண்கள் முதல் பரிசோதனைக்கு வருவது நான்கு, ஐந்து மாதம் ஆன பிறகே. தூரம், பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, வயிறு தெரியுமுன் சொன்னால் கண்ணேறு படும் என்ற அச்சம் எல்லாம் அதற்குக் காரணம். மலேரியாவைத் தடுக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரையும் நான்காம் மாதத்திலிருந்தே தொடங்குகிறது. கரு உருவாகும் முதல் மூன்று மாதங்களில் அது தரப்படுவதில்லை. ஆக, அந்த மூன்று மாதங்களில் ஒரு பெண்ணுக்கு உள்ள முதன்மையான காப்பு வலை ஒன்றுதான். அந்த வலையோ மூன்று மாதம் கழிந்த பிறகே கைக்கு வருகிறது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இங்கே வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகு அணைக்கான செங்கல் வந்து இறங்குகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வலைக்குள் உறங்கிய கர்ப்பிணிகள் 56 சதவீதம் என்னும் கணக்கு, வீடு வீடாகச் சென்று ‘நேற்றிரவு இந்த வலைக்குள் யார் உறங்கினார்கள்?’ என்று கேட்டுப் பெற்ற பதில்களின் அடிப்படையில் மதிப்பிட்டது. கர்ப்பிணி என்று அதில் பதிவாவது தானே அப்படிச் சொல்லிக்கொள்ளும் பெண் மட்டுமே. நாள் தள்ளிப்போனதை இன்னும் உறுதிசெய்யாதவர், உறுதியானபின்னும் வெளியே சொல்லாதவர் இருவரும் அந்தக் கணக்கில் கர்ப்பிணிகள் அல்லர். வலை மிக அவசியமாக இருக்கும் மாதங்கள்தாம் புள்ளிவிவரத்தில் மிக மங்கலாகத் தெரிகின்றன.

விலை பற்றி ஒரு நீண்ட சர்ச்சை நடந்து முடிந்திருக்கிறது. இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள், சிறு தொகையாவது வாங்கினால்தான் பயன்படுத்துவார்கள் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். நம் ஊரிலும் பழகிய வாதம்தான். ஜெசிகா கோஹென், பாஸ்கலின் டூப்பா என்ற இரு பொருளியலாளர்கள் மேற்குக் கென்யாவில் 20 கர்ப்பகாலக் கிளினிக்குகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில கிளினிக்குகளில் வலை இலவசம். வேறு சிலவற்றில் வெவ்வேறு சலுகை விலை. 2010-இல் வெளியான முடிவு சர்ச்சையை ஏறக்குறைய முடித்துவைத்தது. விலை சுழியத்திலிருந்து 40 கென்ய ஷில்லிங்குக்கு, அன்றைய மதிப்பில் 60 அமெரிக்க சென்ட்டுக்கு, ஏறியபோது வலை வாங்குவோரின் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் அதைக் கட்டுவதில் காசு கொடுத்தவர்களுக்கு எவ்விதத்திலும் குறைந்திருக்கவில்லை. தான்சானியாவும் இதே பாதையில் நடந்தது. 2004-இல் ‘ஹாத்தி புங்குசோ’ என்ற பெயரில் கர்ப்பிணிகளுக்குச் சலுகைச் சீட்டு கொடுத்துக் கடையில் மீதித் தொகை கட்டி வலை வாங்கச் சொன்னது. பின்னாளில் கிளினிக்கிலேயே இலவசமாகத் தரும் முறைக்கு மாறியது.

‘வலையைக் கொடுத்தால் மீன் பிடிக்கிறார்கள், கோழிக்கூட்டுக்கு மூடுகிறார்கள்’ என்பது அடுத்த ஆட்சேபம். முழுப் பொய் அல்ல. விக்டோரியா ஏரிக்கரை மீனவக் கிராமங்களில் சிறு மீன்களை உலர்த்த வலைகளை விரித்திருந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அது ஏரிக்கரையின் காட்சி, கண்டத்தின் காட்சி அல்ல. பல நாடுகளின் ஆய்வுகளைச் சரிபார்த்த கட்டுரை ஒன்று 2011-இல் வந்தது. வேறு வேலைக்குப் போன வலைகள் மிகச் சிறு பங்கே என்று அது கண்டது. பல இடங்களில் வேலிக்கும் கூட்டுக்கும் போவது கிழிந்து, மருந்து தீர்ந்துபோன பழைய வலைகள். ஒரு வலையின் ஆயுள் மூன்றாண்டு என்று கணக்கிட்டுத்தான் திட்டங்கள் போடப்படுகின்றன. ஓலைப்பாயும் மரக்கட்டிலின் சிலாம்பும் எலியும் அடுப்புக் கங்கும் அந்தக் கணக்கை மதிப்பதில்லை. இரண்டாம் ஆண்டே பொத்தலான வலையைத் தூக்கிப்போட்டவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்வது நியாயமா?

வலுவான ஆட்சேபம் கொசுவிடமிருந்து வருகிறது. வலைகளில் தோய்க்கப்பட்டிருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துக்கு ஆப்பிரிக்கக் கொசுக்கள் பரவலாகப் பழகிவிட்டன. போதாததற்கு, சென்னை போன்ற இந்திய நகரங்களில் தண்ணீர்த் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி, 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டு, எத்தியோப்பியா, கென்யா என்று பரவிவருகிறது. மக்கள் படுக்கப்போகுமுன்பே கடிக்கக்கூடியது அது. மாலையில் வெளியே அடுப்பு மூட்டிச் சமைக்கும் கர்ப்பிணியை எந்த வலையும் காக்காது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் இதிலிருந்து வலை வேண்டாம் என்ற முடிவு வராது. குளோர்ஃபெனபைர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்த்த வலைகளை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. பழகிப்போன கொசுவையும் அவை கொல்கின்றன. ஆப்பிரிக்காவில் மலேரியாவை அதிகம் பரப்பும் கொசுக்கள் இன்னமும் நள்ளிரவுக்கு மேல்தான் மும்முரமாகக் கடிக்கின்றன. பழைய ஆயுதம் மழுங்கினால் தீட்டிக் கொடுக்கவேண்டியது கொடுப்பவர் கடமை. அதன் கூர்மைக்கும் கர்ப்பிணியின் விழிப்புணர்வுக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் என்ன செய்வது? கர்ப்பிணியைக் குறிவைத்து வலை கொடுப்பது எப்போதும் சில மாதங்கள் பிந்தியே போகும்; அவர் கர்ப்பிணி என்று தெரிந்த பிறகுதானே கொடுக்கமுடியும்! கருவுறுமுன்பே அந்த வீட்டில், அவர் படுக்கும் பாய்க்கு மேலே வலை தொங்கவேண்டும். இதற்கு வழி இருக்கிறது என்பதைத் தான்சானியா காட்டியிருக்கிறது. தெற்கேயுள்ள லிண்டி, ம்த்வாரா, ருவுமா மாநிலங்களில் 2013 முதல் பள்ளிப்பிள்ளைகள் வழியாக ஆண்டுதோறும் வலை வழங்கத் தொடங்கினார்கள். கானாவிலும் தொடக்கப்பள்ளியின் குறிப்பிட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு வலை தருகிறார்கள். மூன்றாண்டுக்கொரு முறை லாரியில் வந்து இறங்கும் பெருவிநியோகத்துக்கு நடுவே வலைகள் கிழிந்துபோகும் காலத்தை இது நிரப்புகிறது. அதோடு, வீட்டுப் பங்கீட்டில் கடைசியில் நிற்கும் பிள்ளையின் கையிலேயே வலையைக் கொடுக்கிறது. கர்ப்பிணிக்கான திட்டம் என்று இதற்குப் பெயர் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் சில ஆண்டுகளில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கப்போகிறவர்கள்.

கிளினிக்கில் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்கும் அந்த வலை வேண்டும். அறிவுரையும் தொடரட்டும், கோடையில் கட்டச் சொல்லும் அறிவுரை முக்கியமாக. ஆனால் அடுத்த ஆய்வுக்காரர் கதவைத் தட்டும்போது, நேற்றிரவு வலைக்குள் உறங்கினீர்களா என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: இந்த வலை உங்கள் கைக்கு வந்தபோது உங்களுக்கு எத்தனையாவது மாதம்? ‘ஐந்தாவது’ என்று பதில் வந்தால், அதற்கு முந்தைய இரவுகளுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவர் அந்தப் பெண் அல்ல.